போன ஒளி திரும்பி வந்தால்: வலுவான இணைப்பு, ஓர் எளிய அறிமுகம்

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே வைத்து, அவற்றின் முதுகுகளுக்கு இடையே ஒரு நூலைக் குறுக்காகக் கட்டுங்கள். விறைப்பாக வேண்டாம், கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். அந்த நூலில் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரே நீளமுள்ள இரண்டு நூல்களில் தலா ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். இப்போது ஒன்றை மட்டும் இழுத்து விடுங்கள். கொஞ்ச நேரம் அது தன்பாட்டுக்கு ஆடும். பிறகு யாரும் தொடாமலேயே அதன் ஆட்டம் சுருங்கும். சும்மா தொங்கிக்கொண்டிருந்த மற்றது மெல்ல ஆடத் தொடங்கும். முதல் நட்டு முற்றிலும் நின்றுபோகும் ஒரு கணம் வரும். அத்தனை ஆட்டமும் இரண்டாவதிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதோடு முடிவதில்லை. போனது திரும்பி வரும். மறுபடி போகும்.

இதையே இரண்டு விதமாகக் கெடுத்துப் பாருங்கள். ஒரு நூலைப் பாதியாக வெட்டிவிட்டால் இரண்டின் அதிர்வெண்ணும் வேறாகிவிடும்; ஒன்று ஆட, மற்றது லேசாகச் சிணுங்குவதோடு சரி. நீளத்தைச் சமமாகவே வைத்து, இரண்டு நட்டுகளும் தண்ணீருக்குள் ஆடும்படி செய்தால், முதலாவதின் ஆட்டம் மற்றதைப் போய்ச் சேருமுன்பே செத்துவிடும். ஆக, ஆற்றல் போய்த் திரும்ப மூன்று விஷயங்கள் வேண்டும். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் ஆட வேண்டும். இடையில் ஓர் இணைப்பு வேண்டும். ஆற்றல் கசிந்து தீர்வதற்குள் ஒரு முறையாவது கைமாற வேண்டும்.

ஒரு நட்டுக்குப் பதில் அணு, இன்னொன்றுக்குப் பதில் ஒளி. வலுவான இணைப்பு என்று இயற்பியலாளர்கள் சொல்வது இதைத்தான். ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதி ‘ஸ்ட்ராங் கப்ளிங்’ என்றும் சொல்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒளியை ஒரு நட்டு போலக் கட்டித் தொங்கவிட முடியாது என்பதில்தான் சிக்கலே.

சாதாரணமாக அணுவுக்கும் ஒளிக்கும் இடையே நடப்பது ஒருவழிப் பாதை. ஓர் அணு ஆற்றலை வாங்கிக் கிளர்ந்த நிலையில் இருக்கிறது. சில நானோ விநாடிகளில் (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அது ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளியின் ஒரு துகளை, உமிழ்ந்துவிட்டு அமைதியாகிவிடும். அந்த ஃபோட்டான் ஒளியின் வேகத்தில் கிளம்பிப் போய்விடும். திரும்பி வரவே வராது. விளக்கு, நட்சத்திரம், கைபேசித் திரை எல்லாமே இப்படித்தான் ஒளிர்கின்றன. அணு எவ்வளவு நேரத்தில் ஒளியை உமிழும் என்பது அந்த அணுவின் பிறவிக் குணம் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1946ல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்டு பர்செல் எழுதிய ஒரு மிகச் சிறிய குறிப்பு அந்த நினைப்பை அசைத்தது. அவர் பேசியது ஒளியைப் பற்றிக்கூட இல்லை. ரேடியோ அலைகளையும் அணுக்கருவின் காந்தத்தையும் பற்றித்தான். கிளர்ந்த நிலையில் உள்ள ஓர் அணுக்கரு தானாகவே ரேடியோ அலையை உமிழ்ந்து அடங்கக் காத்திருந்தால், பிரபஞ்சத்தின் வயதை விடப் பல மடங்கு நேரம் ஆகும். அதே கருவை, அந்த அலைக்குச் சரியாக ஒத்திசையும் ஒரு மின்சுற்றுக்குள் வைத்தால்? நுண்ணிய உலோகத் துகள்களைக் கலந்து வைத்தாலே அந்தக் காத்திருப்பு சில நிமிடங்களுக்கு வந்துவிடலாம் என்று அவர் கணக்குக் காட்டினார். உமிழ்வது அணுதான். ஆனால் எங்கே, எவ்வளவு வேகமாக உமிழ முடியும் என்பதைச் சுற்றுப்புறமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. சுற்றுப்புறத்தை மாற்றினால் அணுவின் நடத்தையை மாற்றலாம். இன்றைய நானோ ஒளியியலில் பாதி இந்த ஒரு வரியின் விரிவுரைதான் என்பது என் எண்ணம்.

சுற்றுப்புறத்தை மாற்றுவதற்கு இருப்பதிலேயே எளிய வழி, அணுவை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைப்பது. ஃபேப்ரியும் பெரோவும் 1899லேயே இப்படி எதிரெதிர்க் கண்ணாடிகளை வைத்து ஒளியை அளந்திருக்கிறார்கள். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரத்தில் சரியாகப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் உள்ளே நிலைத்து ஆடும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒளியை இப்படி அடைத்துவைக்கும் எந்த அமைப்புக்கும் கேவிட்டி என்று பெயர். ஆய்வகத்தில் புழங்குகிற சொல் அது. இங்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒளியும் ஓர் ஊசல்தான். கேவிட்டிக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதன் அதிர்வெண் அணுவின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், அணு உமிழ்ந்த ஃபோட்டான் தப்பிப் போக முடியாமல் உள்ளேயே சுற்றி வந்து அதே அணுவால் மறுபடி விழுங்கப்படலாம். பிறகு மறுபடி உமிழப்படலாம். இந்தப் போக்குவரத்துக்கு, 1930களில் இதைப் போன்ற ஊசலாட்டத்தை ஆராய்ந்த இசிடோர் ராபியின் பெயரைச் சேர்த்து, வெற்றிட ராபி ஊசலாட்டம் என்று பெயர். வெற்றிடம் என்ற சொல் எதற்கு? வெளியிலிருந்து நாம் ஒளி எதையும் பாய்ச்சவில்லை. கேவிட்டி காலிதான். கிளர்ந்த அணுவை உள்ளே வைத்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும்.

போய் வந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கணத்தில் நிறுத்தி, ‘ஆற்றல் இப்போது யாரிடம்?’ என்று கேட்டால் பதில் இல்லை. அணு கிளர்ந்திருக்கிறது என்பதும், ஃபோட்டான் இருக்கிறது என்பதும் கலந்த ஒரு நிலை அது. பாதி ஒளி, பாதி பொருள். திண்மங்களில் இப்படிப்பட்ட கலவைக்குப் போலாரிட்டான் என்று பெயர்.

மூன்று எண்கள்

இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மூன்று எழுத்துகள் வரும்: ஜி, காப்பா, காமா. ஜி என்பது ஆற்றல் கைமாறும் வேகம். காப்பா என்பது கேவிட்டியிலிருந்து ஒளி கசியும் வேகம். காமா என்பது அணு தன் ஆற்றலை வேறு வழிகளில், அதாவது பக்கவாட்டில் உமிழ்ந்தோ வெப்பமாக்கியோ, இழக்கும் வேகம். முதலாவது மற்ற இரண்டையும் விடப் பெரிதாக இருந்தால் வலுவான இணைப்பு. சிறிதாக இருந்தால் பலவீனமான இணைப்பு. அப்போது பர்செல் சொன்ன வேகமாற்றம் மட்டும் நடக்கும், போனது திரும்பாது. கறாரான எல்லைக் கோட்டை எழுத இன்னும் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஆனால் அதன் சாரம் இவ்வளவுதான்.

வலுவான என்ற அடைமொழி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஏதோ பிரம்மாண்டமான விசை என்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மையில் இது ஓட்டப்பந்தயம்: கைமாற்றம் ஒரு பக்கம், கசிவு இன்னொரு பக்கம். யேல் பல்கலைக்கழகக் குழு 2004ல் ஒரு மீக்கடத்திச் சில்லில் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளால் ஆனது) இதைச் செய்து காட்டியபோது, கைமாற்றத்தின் முழுச் சுற்று விநாடிக்கு 1.16 கோடி முறை நடந்தது. அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 86 நானோ விநாடி. அணு உலகின் அளவுகோலில் இது ஆமை வேகம். ஆனால் ஃபோட்டான் கசிந்து போகச் சராசரியாக 200 நானோ விநாடி ஆனது; அணுவின் இடத்தில் வைத்த சிறு மின்சுற்றும் கிட்டத்தட்ட அதே அளவு தாக்குப்பிடித்தது. அதனால் ஆமை ஜெயித்தது.

பந்தயத்தில் ஜெயிக்க இரண்டு வழிகள்: கசிவைக் குறைக்கலாம், அல்லது கைமாற்றத்தை வேகப்படுத்தலாம்.

முதல் வழியின் உச்சம் பாரிசில் செர்ஜ் அரோஷ் செய்தது. 2012 நோபல் பரிசில் ஒரு பாதி அவருக்கு. மீக்கடத்தியான நியோபியம் பூசிய இரண்டு கண்ணாடிகள், இடையில் 2.7 சென்டிமீட்டர், வெப்பநிலை ஒரு கெல்வினுக்கும் கீழே. அதற்குள் விட்ட ஒரு மைக்ரோ அலை ஃபோட்டான் சராசரியாக 0.13 விநாடி உயிரோடு இருந்தது. கேட்க அற்பமாகத் தெரியலாம். அந்த நேரத்துக்குள் அது கண்ணாடிகளுக்கு இடையே ஓடிய தூரம் சுமார் 40,000 கிலோமீட்டர், பூமியை ஒரு முறை சுற்றி வரும் தூரம். இவ்வளவு பொறுமையான கேவிட்டி இருந்தால் கைமாற்றம் மெதுவாக நடந்தாலும் பாதகமில்லை.

இரண்டாவது வழிதான் நானோ உலகத்துக்கு உரியது. அதைப் புரிந்துகொள்ள, காலியான கேவிட்டி முழுக்கக் காலியல்ல என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். குவாண்டம் விதிப்படி எந்த ஊசலும் முழுமையாக ஓய்ந்து நிற்பதில்லை. மிகக் குறைந்த நிலையிலும், அதன் ஒரு படி ஆற்றலில் அரைப் பங்கு மிச்சமிருக்கும். ஒளி என்ற ஊசலுக்கும் அதுவே விதி. ஃபோட்டான் ஒன்றுகூட இல்லாதபோதும் ஒரு மெல்லிய மின்புல நடுக்கம் கேவிட்டிக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. அணுவைத் தொட்டு அசைப்பது அந்த நடுக்கம்தான். அந்த அரைப் பங்கு ஆற்றல் கேவிட்டியின் மொத்தக் கொள்ளளவுக்கும் பரவியிருக்கிறது. கொள்ளளவைக் குறைத்தால், அதே ஆற்றல் சிறிய இடத்துக்குள் நெருக்கியடிக்கும், புலம் வலுக்கும். கொள்ளளவு நூறில் ஒரு பங்கானால் கைமாற்றம் பத்து மடங்கு வேகமாகும். ஆக, ஒளியை நீண்ட நேரம் வைத்திருக்க முடியாவிட்டால், அதைக் கசக்கிப் பிழி.

துளை போட்ட பலகை

கண்ணுக்குத் தெரியும் ஒளியையோ அகச்சிவப்பு ஒளியையோ சிறிய இடத்தில் அடைக்க, நானோமீட்டர் கணக்கில் செதுக்கிய குறைக்கடத்திகள் வந்தன. ஒரு வகை, தூண். கேலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய படலங்கள் மேலும் கீழும் கண்ணாடியாக வேலை செய்யும். நடுவில் ஒளி மாட்டிக்கொள்ளும். மொத்தத்தையும் ஒன்றரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூணாகச் செதுக்கினால் பக்கவாட்டிலும் போக வழியில்லை.

இன்னொரு வகை எனக்கு அதிகம் பிடித்தது: ஃபோட்டானிக் படிகம். மெல்லிய குறைக்கடத்திப் பலகையில் சீரான வரிசையில் துளைகள். துளைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்துக்கு ஏற்றபடி அமைந்தால், குறிப்பிட்ட நிறங்கள் அந்தப் பலகைக்குள் பரவவே முடியாது. அந்த வரிசையில் சில துளைகளை மட்டும் போடாமல் விட்டால், அந்த இடம் ஒளிக்குச் சிறை. சுற்றிலும் போக அனுமதியில்லை. ஜப்பானில் நோடாவின் குழு 2003ல் இதில் ஓர் அழகான விஷயத்தைக் கண்டது. விடுபட்ட துளைகளின் வரிசைக்கு இரு முனையிலும் உள்ள துளைகளைக் கொஞ்சமே கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தியதும், ஒளி தங்கும் நேரம் பல மடங்கு கூடியது. சுவர் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அடைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஒளிக்கு அது தலைகீழ். திடீரென முடியும் சுவரில் மோதி அது சிதறிப் பலகைக்கு மேலே கசிகிறது. மெல்ல மெல்ல இறுகும் சுவர் அதைச் சிதறாமல் திருப்பி அனுப்புகிறது.

இந்தச் சிறைகளுக்குள் வைக்கும் ‘அணு’ பெரும்பாலும் உண்மையான அணு அல்ல. குவாண்டம் புள்ளி என்ற சிறு குறைக்கடத்தித் தீவு. சில பத்து நானோமீட்டர் அகலம். உள்ளே மாட்டிக்கொண்ட எலெக்ட்ரானுக்கு அணுவில் இருப்பதுபோலவே தனித்தனி ஆற்றல் படிகள்தான் உண்டு. அதனால் செயற்கை அணு என்று செல்லப் பெயர். கேலியம் ஆர்சனைடின் மேல் இண்டியம் ஆர்சனைடை வளர்த்தால், இரண்டின் அணு இடைவெளிகளும் ஏறக்குறைய 7 சதவீதம் ஒத்துப்போகாததால், படலம் இழுபட்டுத் தானாகவே சிறு தீவுகளாகக் குவிந்துவிடும். வளர்ப்பது எளிது; எங்கே வளர வேண்டும் என்று சொல்வதுதான் கடினம். ஒவ்வொரு தீவும் ஓர் அளவு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். கேவிட்டியின் நடுவில், சரியான நிறத்தில் ஒரு புள்ளி அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நூற்றுக்கணக்கான கேவிட்டிகளைச் செய்து, அதில் எது தேறும் என்று தேடித்தான் பல முடிவுகள் கிடைத்திருக்கின்றன. கட்டுரையில் ஒரே ஒரு படம் மின்னும். தேறாதவை அதில் வராது.

அப்படித் தேறியதை எப்படி அறிவது? ஒரு மாதிரியைக் கடுங்குளிரில் வைத்து, அதிலிருந்து வரும் ஒளியின் நிறமாலையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் இரண்டு முகடுகள். ஒன்று அகலமானது: கேவிட்டி. மற்றது ஒல்லி: குவாண்டம் புள்ளி. ஒரு முகடு எவ்வளவு அகலமோ, அதன் ஆற்றல் அவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று பொருள். வெப்பநிலையைச் சில கெல்வின் உயர்த்தினால் இரண்டும் நகரும். புள்ளி வேகமாக, கேவிட்டி மெதுவாக. ஒன்றை ஒன்று நெருங்கும். இணைப்பு பலவீனமாக இருந்தால், முன்பின் தெரியாத இருவர் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கடந்து போய்விடும். வலுவாக இருந்தால் கடக்கவே கடக்காது. ஒரு குறிப்பிட்ட இடைவெளி வரை வரும், பிறகு விலகும். விலகும்போது கவனித்தால், ஒல்லியாக வந்தது அகலமாகிவிட்டிருக்கும். அகலமாக வந்தது ஒல்லியாகிவிட்டிருக்கும். குணத்தை மாற்றிக்கொண்டு திரும்புகின்றன. மிக நெருங்கிய அந்த இடத்தில் இரண்டும் ஒரே அகலம், ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றும் பாதி ஒளி, பாதி பொருள். இந்தத் தவிர்ப்பைக் கண்டுவிட்டால் ஆய்வகத்தில் அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

2004 நவம்பரில் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதை அறிவித்தன. ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க்கில் தூண் கேவிட்டி. அமெரிக்காவில் கால்டெக், அரிசோனா குழுக்கள் சேர்ந்து செய்த ஃபோட்டானிக் படிகம். வூர்ட்ஸ்புர்க் தூணில் முகடுகளுக்கு இடையே இருந்த விலகல் சுமார் 0.14 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் (எலெக்ட்ரான் வோல்ட் என்பது அணு உலகின் ஆற்றல் அலகு; மில்லி என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை நேரமாக மாற்றினால், ஆற்றல் போய்த் திரும்ப ஏறக்குறைய 30 பிகோ விநாடி (நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிகோ விநாடி). அதற்குள் பெரும்பகுதி கசிந்துவிடும். எல்லைக் கோட்டை அது சற்றே தாண்டியது, அவ்வளவுதான். ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான்.

தங்கப் பந்தின் அடியில் ஒரு மூலக்கூறு

குளிர் இல்லாமல், அறை வெப்பநிலையில் முடியாதா? அறை வெப்பம் ஒவ்வொரு துகளையும் குலுக்கும் ஆற்றல் சுமார் 25 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். 0.14 என்ற விலகல் அந்தக் குலுக்கலில் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். விலகலைப் பல நூறு மடங்கு பெரிதாக்க வேண்டும். அதற்கு ஒளியை இன்னும் கசக்க வேண்டும். ஆனால் கண்ணாடிகளையும் துளைகளையும் கொண்டு ஒளியை அதன் பாதி அலைநீளத்துக்குக் கீழே அடைப்பது பெரும்பாடு. இங்கேதான் உலோகம் வருகிறது. உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்துக்கு பிளாஸ்மான் என்று பெயர். இரண்டு உலோகப் பரப்புகளை மிக நெருக்கி வைத்தால், இடைப்பட்ட இடுக்கில் புலம் முழுவதும் போய் ஒடுங்கிவிடும்.

கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பெர்க்கின் குழு 2016ல் செய்த அமைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தட்டையான தங்கப் பரப்பு. அதன் மேல் 40 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கப் பந்து. இரண்டுக்கும் நடுவே 0.9 நானோமீட்டர் இடுக்கு. அந்த இடுக்கைப் பிடித்து நிறுத்துவது குக்கர்பிட்யூரில் என்ற பீப்பாய் வடிவ மூலக்கூறு. பூசணியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்த பெயர். உருவமும் அப்படித்தான், மேலும் கீழும் திறந்த குட்டிப் பூசணி. அந்தப் பூசணிக்குள் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தின் ஒரு மூலக்கூறு. சாயத்தைச் சும்மா தெளித்துவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கண்டபடி படுத்துக்கொள்ளும். இடுக்கில் உள்ள மின்புலமோ மேலிருந்து கீழாகத்தான் இருக்கிறது. மூலக்கூறும் அதற்கு இணையாக நிமிர்ந்து நின்றால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். பூசணியின் வேலை அதுதான்: தனியாக வைத்து, நிமிர்த்திப் பிடிப்பது. ஒளி அடைபட்ட மொத்தக் கொள்ளளவு 40 கன நானோமீட்டருக்கும் கீழே.

பலன், ஒரே ஒரு மூலக்கூறுக்கு 90 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பக் குலுக்கலைத் தாண்டிவிட்டது. நேரமாகச் சொன்னால் போய்த் திரும்ப சுமார் 46 ஃபெம்டோ விநாடி (பிகோ விநாடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு). பத்து மூலக்கூறுகள் இருந்தபோது 300. பத்து மடங்கு ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஃபோட்டானைப் பல மூலக்கூறுகள் பகிர்ந்துகொண்டால், இணைப்பு அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும். பத்தின் வர்க்கமூலம் 3.16, 90ஐ அதனால் பெருக்கினால் 285. நெருங்கி வருகிறது அல்லவா.

86 நானோ விநாடி, 30 பிகோ விநாடி, 46 ஃபெம்டோ விநாடி. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். மூன்றுக்கும் ஒரே பெயர். ஏனென்றால் மூன்றிலும் கசிவுக்கு முன்னால் கைமாற்றம் நடந்தது.

உலோகத்துக்கு ஒரு விலை உண்டு. அது ஒளியைத் தின்னும். அந்தத் தங்க இடுக்கில் ஒளி ஃபெம்டோ விநாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும், வெப்பமாகிப் போய்விடும். சாதனை என்ற வகையில் அது பிரமாதம். ஆனால் ஒரு குவாண்டம் தகவலைச் சேமித்து வைத்து, பிறகு எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்றால் அங்கே அவகாசமே இல்லை. செய்திகளில் அறை வெப்பநிலை என்ற சொல்லைப் பார்த்ததும் குவாண்டம் கணினி கைப்பைக்குள் வந்துவிடும் என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இரண்டு முகடு இருந்தால் குவாண்டமா?

இல்லை. இதை அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றன. தொடக்கத்தில் பார்த்த இரும்பு நட்டுகளிலும் ஆற்றல் போய் வந்தது. அவற்றின் அதிர்வெண்ணை அளந்தால் அங்கும் இரண்டு முகடுகள் பிரியும். அதில் குவாண்டம் எதுவும் இல்லை. ஆகவே, பிரிவை மட்டும் காட்டி இது குவாண்டம் என்று வாதிட முடியாது.

வேறுபாடு இரண்டாவது ஃபோட்டானில் தெரியும். நட்டை இரண்டு மடங்கு பலமாக இழுத்துவிட்டாலும் கைமாற்றத்தின் வேகம் மாறாது. ஆனால் அணுவால் ஒரு நேரத்தில் ஓர் ஃபோட்டானைத்தான் விழுங்க முடியும். அது கிளர்ந்துவிட்டால் இடம் நிரம்பிவிட்டது. இந்த ஒரு குணத்தை வைத்து ஜேன்ஸும் கம்மிங்ஸும் 1963ல் எழுதிய மாதிரியின்படி, ஆற்றல் படிகள் ஒரு விசித்திரமான ஏணியாக அமைகின்றன. முதல் படி இரண்டாகப் பிரியும் அளவை 1 என்று கொண்டால், இரண்டாம் படியின் பிரிவு 2 அல்ல, 1.41. மூன்றாம் படிக்கு 1.73. வர்க்கமூலமாகவே ஏறும். படிகள் சமமாக இல்லாத ஏணி.

சமமில்லாத ஏணியால் என்ன லாபம்? முதல் படிக்குச் சரியாகப் பொருந்தும் நிறத்தில் ஒளியைப் பாய்ச்சுங்கள். ஒரு ஃபோட்டான் உள்ளே போகும். அதே நிறத்தில் இரண்டாவது வந்தால் அடுத்த படி அதற்கு எட்டும் உயரத்தில் இல்லை. வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். முதலாவது வெளியேறிய பிறகே அடுத்ததற்கு இடம். அதாவது ஒரு ஃபோட்டான் இன்னொரு ஃபோட்டானைத் தடுக்கிறது. ஃபோட்டான்கள் சாதாரணமாக ஒன்றையொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இரண்டு டார்ச் ஒளிகள் குறுக்கிட்டால் எதுவும் நடப்பதில்லையே. அவற்றைப் பேசவைக்கும் நடுவர் அந்த ஒற்றை அணு. கால்டெக்கில் ஜெஃப் கிம்பிளின் குழு 2005ல் கேவிட்டியில் பிடித்து வைத்த ஒற்றை சீசியம் அணுவைக் கொண்டு இந்தத் தடுப்பைக் காட்டியது. ஏணியின் இரண்டாம் படியை 2008ல் மீக்கடத்திச் சில்லில் சூரிச் குழு நேரடியாகவே அளந்தது. குவாண்டம் என்று கையெழுத்துப் போட அதுதான் சரியான இடம்.

ஒளியைக் கொண்டு கணக்கிட நினைப்பவர்களுக்கு இதுதான் வேண்டும். ஒரு ஃபோட்டானின் நிலையைப் பொறுத்து இன்னொன்று மாறினால்தான் இரண்டு க்யூபிட்டுகளுக்கு (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளுக்கு) இடையே தர்க்க வாசல், அதாவது கணக்கின் ஓர் அடிப்படைச் செயல், அமைக்க முடியும்.

இதுவரை எங்கே உதவியிருக்கிறது

மிகப் பெரிய வெற்றி மீக்கடத்திச் சில்லுகளில்தான். அங்கே அணுவின் இடத்தில் இருப்பது ஒரு சிறு மின்சுற்று. அதன் மின் இருமுனை, அதாவது மின்புலத்தைப் பற்றிக்கொள்ளும் கைப்பிடி, உண்மையான அணுவினதை விட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. கேவிட்டியின் இடத்தில் சில்லில் வரைந்த ஒரு மெல்லிய கம்பி. நீளம் சென்டிமீட்டர் கணக்கு, குறுக்கு அகலம் மைக்ரோமீட்டர் கணக்கு. மைக்ரோ அலையின் நீளத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் குறுக்கே நசுக்கிவிட்டார்கள். பெரிய அணு, ஒல்லிக் கேவிட்டி, 10 முதல் 20 மில்லிகெல்வின் குளிர். மூன்றும் சேர்ந்து பந்தயத்தை எளிதாக ஜெயித்துக்கொடுத்தன.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய மீக்கடத்திக் குவாண்டம் கணினிகளில் க்யூபிட்டைப் படிக்கும்போது, அந்த வலுவான இணைப்பை வைத்துக்கொண்டே கைமாற்றம் நடக்க விடுவதில்லை. க்யூபிட்டின் அதிர்வெண்ணையும் கேவிட்டியின் அதிர்வெண்ணையும் வேண்டுமென்றே விலக்கி வைக்கிறார்கள், நட்டின் நூலை வெட்டியதுபோல. ஆற்றல் போகாது, ஆனால் க்யூபிட் 0ல் இருந்தால் கேவிட்டி ஒரு சுருதியிலும், 1ல் இருந்தால் சற்று விலகிய சுருதியிலும் ஒலிக்கும். கேவிட்டியைத் தட்டிப் பார்த்தே க்யூபிட்டைத் தொடாமல் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சுருதி விலகல் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இணைப்பு பலமாக இருக்க வேண்டும் என்பதே விஷயம்.

சிலிக்கானில் ஒற்றை எலெக்ட்ரானின் சுழற்சியை க்யூபிட்டாக வைப்பவர்களுக்கு வேறு சிக்கல். சுழற்சி என்பது குட்டிக் காந்தம். ஃபோட்டானின் காந்தப் பகுதியோடு அதற்கு உள்ள தொடர்பு படுமந்தம். 2018ல் பிரின்ஸ்டன், டெல்ஃப்ட் குழுக்கள் எலெக்ட்ரானை இரண்டு குவாண்டம் புள்ளிகளுக்கு நடுவே பங்கிட்டு, பக்கத்தில் நுண்காந்தத்தை வைத்து, சுழற்சியை மின்புலத்தின் பக்கம் சாய்த்தன. அந்தக் குறுக்கு வழியில் ஒற்றைச் சுழற்சியும் ஒற்றை ஃபோட்டானும் வலுவாக இணைந்தன.

குவாண்டம் வலைப்பின்னலுக்கு வந்தால், வலுவான இணைப்பு கட்டாயமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு க்யூபிட்டின் தகவலை ஃபோட்டானில் ஏற்றி ஒளியிழையில் அனுப்ப வேண்டும் என்றால், ஃபோட்டான் கேவிட்டிக்குள் போய் வந்துகொண்டிருப்பதே இடைஞ்சல். வெளியே வர வேண்டும், அதுவும் சரியான வாசல் வழியாக. அங்கே பார்க்கும் எண் வேறு: ஜியின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, காப்பா, காமா பெருக்கலால் வகுத்தால் கிடைப்பது. ஒன்றை விட அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நம்பகமாக அணுவும் ஒளியும் பேசிக்கொள்கின்றன. ஹார்வர்டில் வைரத்தில் செதுக்கிய நானோ கேவிட்டிக்குள் ஒரு சிலிக்கான் குறையை (வைரப் படிகத்தில் சிலிக்கான் அணு புகுந்த ஒரு பிசகு) அணுவாக வைத்து 2020ல் செய்த குவாண்டம் நினைவக ஆய்வில் அந்த எண் நூறைத் தாண்டியிருந்தது.

கடைசியாக, பந்தயத்தையே மறந்துவிடும் ஒரு எல்லை இருக்கிறது. இதுவரை கைமாற்றத்தைக் கசிவோடு ஒப்பிட்டோம். அதை ஒளியின் சொந்த அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால்? பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதி வலுவான இணைப்பு என்கிறார்கள். 2017ல் ஜப்பானில் ஒரு மீக்கடத்திச் சுற்றில் அது ஒன்றையே தாண்டியது. நட்டுகளின் மொழியில் சொன்னால், ஒரு நட்டு ஒரு முறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள் ஆற்றல் மற்றதற்குப் போய்விடுகிறது. எது ஒளி, எது அணு என்று முதலில் பிரித்துவிட்டுப் பிறகு இணைக்கும் கணக்கு அங்கே செல்லாது. ஜேன்ஸ்–கம்மிங்ஸ் மாதிரியும் தோற்றுவிடும். அந்த அமைப்பின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலேயே ஃபோட்டான்கள் கலந்திருக்கின்றன. ஆனால் வெளியே ஒரு உணர்கருவியை வைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றுகூட வந்து விழாது.